ஹ எழுத்தில் ஜப்பான் பாட்டு

ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவக்காலம் முழுக்க என் ஷேர் ஆட்டோவில் ஜப்பான் பாட்டுதான். திண்டிவனத்தில் ஆள் ஏற்றிக் கிளியனூரில் இறக்கி, அங்கே ஏற்றி மறுபடி திண்டிவனம் வருகிற வரைக்கும் புரியாத பாஷையில் யாராவது பாடிக்கொண்டே இருப்பார்கள். ஏறுகிறவர்கள் முதலில் ஸ்பீக்கரைப் பார்ப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருக்கும் மாதா படத்தைப் பார்ப்பார்கள். மாதாவும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். 

எல்லாம் என் மகளுக்காக. அவள் நர்ஸ் படிப்பு படித்தவள். திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே விழுப்புரத்துக்குப் போய் ஜப்பான் மொழி வகுப்பில் சேர்ந்தாள். ஜப்பானில் வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லங்கள் நிறைய இருக்கின்றனவாம். அங்கே வேலை செய்ய நம்மூர்ப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். பரீட்சை எல்லாவற்றிலும் பாஸ் பண்ணிவிட்டாள். கடைசியில் அந்த இல்லத்துக்காரர்கள் வீடியோவில் பேசிப் பார்த்து, பிடித்திருந்தால்தான் எடுப்பார்கள். முதலில் ஒரு இல்லம் பேசியது. எடுக்கவில்லை. "நல்ல பெண்தான், ஆனால் வாயே திறக்கவில்லை, எங்கள் பெரியவர்களோடு எப்படிப் பழகுவாள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். என் மனைவி தட்டில் போட்டு வைத்த சோறு அப்படியே காய்ந்து போனது. ஒரு பிள்ளை அழுதால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அழாமல் படுத்திருப்பதைத் தாங்க முடியாது.

அப்புறம்தான் இரண்டாவது இல்லம் கூப்பிட்டது.

இந்த இல்லத்தில் ஒரு வழக்கம். வாரத்துக்கு ஒரு ஒலியைப் பலகையில் எழுதிவிடுவார்கள். அந்த ஒலியில் பெயர் தொடங்குகிற பாட்டுகளை அங்கிருக்கும் தாத்தா பாட்டிகள் ஞாபகப்படுத்திச் சொல்ல வேண்டும். சொன்னதும் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். மூளைக்கு நல்லதாம். வேலைக்கு வருகிறவர்கள் வீடியோவில் வந்து அந்த விளையாட்டைக் கொஞ்ச நேரம் நடத்திக் காட்ட வேண்டும், அதுதான் இண்டர்வியூ. இண்டர்வியூ நடக்கப்போகிற வாரத்து ஒலி "ஹ".

மகள் இதைச் சாப்பிடும்போது சொன்னாள். "அவங்களே சொல்லுவாங்கதாம்ப்பா. ஆனா மொதல்ல நான் ரெண்டு மூணு பாட்டு எடுத்துக் குடுத்து ஆரம்பிச்சு வைக்கணும். பழைய பாட்டா இருக்கணும், ஹ-வுல ஆரம்பிக்கணும். எனக்கு டூட்டியே சரியா இருக்குது, எப்பத் தேடுவேன்?"

"என்னான்ட சொல்லிட்ட இல்ல, வுடு" என்றேன்.

நான் அப்படித் தைரியமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் பங்குக் கோயிலில் நான் பாடற்குழுவில் இருக்கிறேன். குரல் சுமார்தான், ஆனால் பாட்டுத் தேடுவதில் கெட்டிக்காரன் என்று பெயர். பாட்டுப் புத்தகத்தின் கடைசியில் அ, ஆ, இ என்று வரிசையாக முதல் வரிகள் போட்டிருக்கும். சாமியார் பீடத்தில் நிற்கும்போது யாராவது முதல் வரியை முணுமுணுத்தால் போதும், நான் எண்ணைச் சொல்லிவிடுவேன். எண் பலகையில் ஏறிவிடும். என் மகளும் சின்ன வயதிலிருந்து அந்தப் பாடற்குழுவில் என் பக்கத்தில் நின்று பாடியவள்தான். எழுத்தைச் சொன்னால் பாட்டுத் தேடுவது எங்கள் குடும்பத்துக்குப் புதிய வேலை இல்லை.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. தவக்காலத்தில் எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டு போட மாட்டோம். டிவியைக்கூட செய்திக்கு மட்டும்தான் திறப்போம். ஜப்பான் பாட்டு எந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரைப் பிடித்துக் கேட்டேன்.

"சாமி, பாப்பா வேலைக்காக ஜப்பான் பாட்டு கேக்கணும். தவக்காலத்துல கேக்கலாமா?"

அவர் அங்கியைக் கழற்றிக்கொண்டே, "அர்த்தம் புரியுதா உனக்கு?" என்றார்.

"ஒரு வார்த்தகூடப் புரியல சாமி."

"அப்ப அது பாட்டு இல்லப்பா, தவம். நல்லாக் கேளு."

ஆசீர்வாதம் கிடைத்துவிட்டது. அன்றைக்கே போனில் தேட ஆரம்பித்தேன். மகள் ஜப்பான் எழுத்தில் "பழைய பாட்டுகள்" என்று அடித்துக் கொடுத்தாள். ஒரு நீள வீடியோ வந்தது. பாட்டு முடிந்து பாட்டு, மணிக்கணக்காக ஓடியது. படத்தில் ஒரு மலையும் ஒரு ஏரியும்தான், வேறு எதுவும் மாறாது. மகள் சொன்னாள், "இது அந்த ஊரு தாத்தா பாட்டிங்களுக்குன்னே போட்டதுப்பா. இதுல இருந்து எடுத்தா அவங்களுக்குக் கண்டிப்பாத் தெரியும்." அதை ஆட்டோ ஸ்பீக்கரில் போட்டேன்.

வேலை நான் நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. ஜப்பான்காரர்கள் பாட்டை உடனே ஆரம்பிப்பதில்லை. முதலில் புல்லாங்குழல் மாதிரி ஒன்று ஊதும். பிறகு வயலின். பிறகு எல்லாம் சேர்ந்து ஒரு சுற்று வரும். பாடுகிறவர் வாயைத் திறக்கிற அந்த ஒரு நொடிக்குக் காத்திருக்க வேண்டும். சரியாக அந்த நொடியில் ஒரு லாரி ஹாரன் அடிப்பான், இல்லாவிட்டால் பின்னால் யாராவது "ஸ்டாப்பிங்ல நிறுத்துண்ணே" என்பார்கள். போச்சு. முதல் எழுத்து காற்றோடு போய்விடும். ஓரம் கட்டி மறுபடி பின்னால் தள்ளிக் கேட்க வேண்டும்.

தினமும் காலையில் திண்டிவனம் மார்க்கெட்டில் மீன் கூடையோடு ஏறி கிளியனூர்ப் பக்கம் விற்கப் போகும் ஒரு அம்மா உண்டு. என் பக்கத்து சீட்டில் அவளை விட்டால் யாரும் உட்கார முடியாது, அவ்வளவு அதிகாரம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டுவிட்டாள்.

"இன்னாண்ணா இது, பொழுது விடிஞ்சா எவனோ மூக்கால அழுதுகினே இருக்கான்? வண்டில ஏறனா சாவு வூட்டுக்குப் போற மாதிரியே கீது."

விஷயத்தைச் சொன்னேன். பாப்பாவுக்கு வேலை, ஜப்பான், ஹ எழுத்து, எல்லாம்.

"அட, இத மொதல்லயே சொல்லக் கூடாது?" என்றவள் உடனே பின்னால் திரும்பி எல்லோரையும் அதட்டினாள். "யோவ், வாய மூடிக்கினு வாங்க எல்லாரும். அண்ணன் பொண்ணுக்கு வேல ஆவணும். பாடறவன் வாயத் தொறக்கும்போது இன்னா எழுத்துன்னு கேளுங்க."

அன்றிலிருந்து என் ஆட்டோ மாறிப்போனது. புல்லாங்குழல் ஊத ஆரம்பித்தால் வண்டிக்குள் பேச்சு நின்றுவிடும். ஒரு கொத்தனார், அந்தப் பக்கம் வீடு கட்டுகிற வேலைக்குப் போகிறவர், கரணையை மடியில் வைத்துக்கொண்டு காதை ஸ்பீக்கரில் வைப்பார். "இருங்க இருங்க, வாயத் தொறக்கப் போறான்... தொறக்கப் போறான்..." என்று மீன்காரம்மா கையை உயர்த்துவாள். பாட்டு வரும்.

"க! க-தான்!"

"இல்லம்மா, அது ஹ. நெஞ்சுல இருந்து வந்தது பாரு."

"நெஞ்சாவது வயிறாவது, க-டா அது! அண்ணா, திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டால் இரண்டும் இல்லாமல் "ச" என்று இருக்கும். வண்டியே சிரிக்கும். ஹ கிடைத்துவிட்டால் அவ்வளவுதான், சிக்ஸர் அடித்த மாதிரி கை தட்டுவார்கள். இறங்குகிற இடம் தாண்டிப் போனவர்கள்கூட உண்டு. "பரவால்ல, அடுத்த பாட்டக் கேட்டுட்டு நடந்தே வர்றேன்" என்றார் கொத்தனார் ஒருநாள். நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஒருவருக்கும் அர்த்தம் தெரியாத பாட்டில் இத்தனை பேர் ஒரே மனதாக உட்கார்ந்திருப்பதை நான் கோயிலில்கூட எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன்.

அப்படிப் பொறுக்கியதில் நல்ல ஹ மூன்று தேறின. சாயங்காலம் மகள் டூட்டி முடித்து வந்ததும் போட்டுக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக் கேட்டு, வார்த்தைகளைத் தமிழில் எழுதி, பாடிப் பழகினாள். முதல் பாட்டு நடைபோடுகிற மாதிரி இருக்கும். இரண்டாவது சின்னப் பிள்ளைகள் பாடுவது. மூன்றாவது ஒரு பெண் குரல், மெதுவாக இழுத்துப் பாடுவது, பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரி மாதிரி இருக்கும்.

என் மனைவிக்கு இந்த ஜப்பான் விஷயமே பிடிக்கவில்லை. "பெத்த புள்ளையக் கடல் தாண்டி அனுப்பறதுக்கு நீங்க பாட்டு வேற தேடிக்கினு இருக்கீங்க. இதுல ஊர் ஜனத்தையே கூட்டு சேத்துக்கினீங்க" என்று அடுப்படியிலிருந்தே பேசுவாள். ஜெபமாலை சொல்லும்போது அவள் வேண்டுதல் என்னவென்று எனக்குத் தெரியும். நான் "கிடைக்கணும் தாயே" என்று வேண்டுவேன். அவள் "உமது சித்தம்" என்று மட்டும் வேண்டுவாள். ஆனால் அந்த மூன்றாவது பாட்டு வந்தால் மட்டும் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கதவோரம் நிற்பாள்.

"இதுக்கு இன்னா அர்த்தம் பாப்பா?"

"ஆத்தோரமா ஒரு வீடும்மா. அங்க இருந்தவங்க இப்ப இல்ல. தண்ணி மட்டும் அப்படியே போவுதாம்."

"இன்னொரு வாட்டிப் பாடு" என்பாள். அவ்வளவுதான் சொல்வாள்.

இண்டர்வியூ அன்று ஆட்டோவை நிறுத்திவிட்டு மூவரும் பஸ்ஸில் விழுப்புரம் போனோம். குடும்பத்தாரும் வந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்று அந்த இல்லத்தில் கேட்டிருந்தார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மகள் உதட்டை மட்டும் அசைத்துப் பாடிக்கொண்டே வந்தாள். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பையில் கைவிட்டு ஜெபமாலை மணிகளை உருட்டிக்கொண்டிருந்தேன். "மாதாவே, அன்னைக்கு மாதிரி இவ வாய் அடச்சிக்கக் கூடாது. பாட்டு நான் குடுத்துட்டேன், வாய நீ குடு" என்று மட்டும்தான் கேட்டேன்.

மொழி வகுப்பில் டீச்சரம்மா லேப்டாப்பைத் தயாராக வைத்திருந்தார். எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் முடித்துவிட்டு வெளியே நின்றார்கள். ஒருத்தி பூப்படம் எல்லாம் வரைந்து கொண்டுவந்திருந்தாள். மூன்று பேரில் ஒருத்தரைத்தான் எடுப்பார்கள் என்று டீச்சர் முதலிலேயே சொல்லியிருந்தார். அந்தப் படங்களைப் பார்த்ததும் இவளைத்தான் எடுப்பார்கள் என்று நினைத்தேன். அவளும் யாரோ பெற்ற பிள்ளைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

திரையில் அந்த இல்லம் வந்தது. நல்ல வெளிச்சமான கூடம். தாத்தாக்களும் பாட்டிகளும் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், சிலர் சக்கர நாற்காலியில், முழங்காலில் போர்வையோடு. பக்கத்தில் வெள்ளைப் பலகை. அதில் பெரிதாக ஒரே ஒரு எழுத்து. "அதுதான் ஹ" என்று டீச்சர் எங்களிடம் மெதுவாகச் சொன்னார். ஏப்ரன் கட்டிய ஒரு அம்மா அங்கே பொறுப்பு. நாங்கள் எழுந்து கும்பிட்டோம். அந்தப் பெரியவர்கள் அத்தனை பேரும் கை கூப்பித் திருப்பிக் கும்பிட்டார்கள். என் மனைவி முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது.

மகள் முதல் பாட்டைப் பாடினாள். ஐயோ, என்ன சொல்வேன்! இரண்டாவது வரியிலேயே அங்கே எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கையைத் தட்டினார்கள். கம்பளிக் குல்லா போட்ட ஒரு தாத்தா காலால் தரையைத் தட்டித் தாளம் போட்டார். நான் என் தொடையில் தாளம் போட்டேன். என் ஆட்டோவில் பிடித்த பாட்டு கடல் தாண்டிப் போய் அங்கே ஆடுகிறது!

பாட்டு முடிந்தது. ஏப்ரன் அம்மா பேனாவை எடுத்தார், பலகைக்குப் போனார், ஆனால் எழுதவில்லை. சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். டீச்சர் முகம் மாறியது.

"இன்னாங்கம்மா?" என்றேன்.

"இந்தப் பாட்டோட பேரு ஹ-வுல ஆரம்பிக்கலயாம். ய-வுல ஆரம்பிக்குதாம்."

"ஹ-ன்னுதானே பாடுச்சு? எல்லாரும் கேட்டாங்களே!"

"ஐயா, மெதுவா."

மகள் மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டாவது பாட்டைப் பாடினாள். அதையும் சேர்ந்து பாடினார்கள். பாடி முடித்ததும் குல்லா தாத்தா பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கி, அதன் பெயரைச் சத்தமாகச் சொன்னார். அது "கி"யாம். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவதை மகள் பாதிதான் பாடினாள். ஏப்ரன் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அதுவும் ஹ இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெயர்! அவர்கள் கேட்டது பாட்டின் பெயர். நான் தேடியது பாட்டின் வாய். எங்கள் பாட்டுக்கு ஏது தனியாகப் பெயர்? கோயில் பாட்டு எதை எடுத்தாலும் முதல் வரிதான் அதற்குப் பெயர், ஊர், விலாசம் எல்லாம். பாட்டுக்கு மேலே எண் இருக்கும், பெயர் இருக்காது. உள்ளே பாடுவது ஒன்று, மேலே எழுதியிருப்பது வேறொன்று என்று ஒரு ஊரில் இருக்கும் என்பது என் புத்தியிலும் வரவில்லை, என் பெண்ணின் புத்தியிலும் வரவில்லை. அந்த வீடியோவிலும் மலையும் ஏரியும்தானே இருந்தன, பெயரா போட்டிருந்தது? ஆட்டோவில் அத்தனை பேர் காதைத் தீட்டி உட்கார்ந்து, அத்தனை பேரும் ஒரே தப்பைச் செய்திருந்தோம்.

மகள் நின்றாள். காது மடல் சிவந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.  முதல் இண்டர்வியூவில் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று தெரிந்தது. "மாதாவே, மாதாவே" என்பதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை. திரையில் அந்தப் பெரியவர்கள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரன் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. என் மனைவி.

"பாப்பா! இன்னாத்துக்கு நிக்கற மரம் மாதிரி? நம்ம பாட்டுக்கெல்லாம் பேரே கெடையாதுன்னு சொல்லேன்! நீ இன்னா திருடிட்டா வந்த? வாயத் தொறந்து சொல்லு!"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஏப்ரன் அம்மா முன்னால் குனிந்து, மகளிடம் ஏதோ கேட்டார். அம்மா என்ன சொன்னார்கள் என்றுதான் கேட்டிருக்கிறார். அவர் நேராகக் கேட்டதால் மகள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். "அம்மா..." என்று ஜப்பான் மொழியில் ஆரம்பித்தாள். "மரம் மாதிரி" என்று சொல்கிற இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னாள். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு வாய் திறந்துகொண்டது. எங்கள் ஊர்க் கோயில், பாட்டுப் புத்தகம், அகரவரிசை, பாட்டு வாயைத் திறக்கும்போது வருகிற முதல் வார்த்தையே அதற்குப் பெயர், அப்பா ஆட்டோ ஓட்டிக்கொண்டே தேடினார், பயணிகள் எல்லோரும் சேர்ந்து தேடினார்கள், எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். டீச்சர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மீன்காரம்மாவைக்கூடச் சொல்லிவிட்டாள்!

"ஏஏஏ" என்று அந்தப் பெரியவர்கள் ஒரே குரலில் இழுத்தார்கள். அவர்களுக்கு ஆச்சரியம் வந்தால் அப்படித்தானாம்.

குல்லா தாத்தா கையைத் தூக்கினார். பேரில்லாத பாட்டா, அப்படியானால் பெயரைப் பார்க்காமல் பாடித்தான் கண்டுபிடிக்க வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றாள் மகள். அவர் மோட்டுவளையைப் பார்த்து வாய்க்குள் முனகினார். ஒன்றை முனகி, தலையை ஆட்டி விட்டுவிட்டார். இன்னொன்று முனகினார். சட்டென்று நாற்காலியிலேயே நிமிர்ந்து ஒரு வரியை உரக்கப் பாடினார். பாடி முடித்து, எப்படி என்பது போலச் சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் இருந்த பாட்டி இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். அது ஹ இல்லையாம், அதற்கு முன்னால் இன்னொரு சொல் இருக்கிறதாம். அவர் மறுபடி பாடினார். பாட்டி தான் பாடிக் காட்டினார். இருவரும் மாறி மாறிப் பாடினார்கள். மற்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். எனக்கு அப்படியே எங்கள் பாடற்குழுவைப் பார்ப்பது போலிருந்தது. இத்தனை நாள் பெயரை ஞாபகப்படுத்திச் சொன்ன பிறகுதான் பாடியவர்கள், இப்போது எழுத்துக்காக ஒவ்வொரு பாட்டையும் வாய்விட்டுப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரன் அம்மா பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தார். ஒரு பக்கம் பெயரில் ஹ. இன்னொரு பக்கம் வாயில் ஹ. வாய்ப் பக்கத்தின் மேலே மகள் பாடிய மூன்றையும் எழுதினார். நான் எழுந்து நின்று கை தட்டிவிட்டேன்.

"ஐயா, உக்காருங்க ஐயா" என்றார் டீச்சர்.

மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "ஒரு தடவை மறுபடி பாடுங்க! எல்லாரும் கொஞ்சம் அமைதி! தாத்தா வாயைத் திறக்கப் போறாரு!" என்று ஜப்பான் மொழியில் கத்தினாளாம். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒதுக்கிய நேரம் தாண்டி எவ்வளவோ போய்விட்டது. கடைசியில் டீச்சர்தான் மன்னிப்புக் கேட்டு முடித்து வைத்தார். திரை அணைகிற வரைக்கும் குல்லா தாத்தாவும் அந்தப் பாட்டியும் விட்டபாடில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் "தப்பாத்தாம்ப்பா கொண்டு போய்ட்டோம்" என்று மட்டும் சொன்னாள் மகள். ஆனால் அன்று சாப்பிட்டாள். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பதில் வந்தது தவக்காலக் கடைசியில், குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள். மகளுக்குக் காலை டூட்டி, போனை அணைத்து வைத்திருந்தாள். அதனால் டீச்சர் எனக்குக் கூப்பிட்டார். ஆட்டோ கிளியனூரை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓரம் கட்டி எடுத்தேன்.

"ஐயா, உங்க பொண்ண எடுத்துட்டாங்க."

 டீச்சர் தொடர்ந்து சொன்னார். "அந்த வாரத்து ஹ முடியவே இல்லயாம் ஐயா. எழுத்த மாத்தக் கூடாதுன்னு பெரியவங்க சண்ட போட்டாங்களாம். குல்லா போட்ட தாத்தா தெனமும் ஒரு பாட்டப் புடிச்சிக்கினு வந்து, அந்தப் பொண்ணு எப்ப வரும், நடுவராச்சே அதுன்னு கேக்கறாராம். அந்த மேடம் சொன்னாங்க, பாட்டு தப்புதான், ஆனா எங்க ஆளுங்கள இவ்ளோ பாட வச்சது இவதான்னு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வண்டியில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கெடச்சிடுச்சு!" என்றேன்.

கொத்தனார் கரணையால் கம்பியில் தட்டினார். மீன்காரம்மா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "நாம புடிச்ச ஹ-ண்ணா அது!" என்றாள். அது தப்பான ஹ என்று நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

சாலையோரம் மாதா சிலை வைத்த ஒரு சின்னக் கெபி இருக்கிறது. அதன் முன்னால் வண்டியை நிறுத்தி, "ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு இறங்கி முழங்காலில் நின்றேன். வாய் கேட்டேனே, நீ அவ அம்மாவோட வாயக் குடுத்திட்டியே தாயே என்று சொல்லும்போது எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. ஒரு நிமிடம் எப்போது போனதோ தெரியாது. பின்னால் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. மீன்காரம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"உன்ன ஜல்தி வரச் சொல்ல வரலண்ணா" என்றாள். "வேண்டிக்க, வேண்டிக்க. மீன் எங்க போவுது, ஐஸ்லதான் கெடக்குது." பிறகு அவளும் கும்பிட்டுக்கொண்டாள்.

அங்கிருந்தபடியே மனைவிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்து, "இன்னாம்மா, இருக்கியா?" என்றேன்.

"இருக்கறேன், இருக்கறேன்" என்றாள்.  மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தக் குல்லாக்காரரு பாடனாரே, அதுல மொத எழுத்து ஹ இல்லவே இல்லீங்க. அந்தப் பாட்டி சொன்னதுதான் சரி. இவ அங்க போனதும் மொத வேலையா அதக் கேட்டு முடிச்சு வைக்கச் சொல்லணும்" என்றாள்.